முட்டியில நார் அறுந்தா: கட்டா, ஆபரேஷனா? எந்த ஸ்கேன்? எத்தனை நாளுக்குள்ள?

நம்ம ஊர்ல முட்டிக்குள்ள எது கிழிஞ்சாலும் ஒரே பேருதான், ஜவ்வு. லிகமென்ட் கிழிஞ்சாலும் ஜவ்வு, எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற மெனிஸ்கஸ் கிழிஞ்சாலும் ஜவ்வு, குருத்தெலும்பு தேஞ்சாலும் "ஜவ்வு தேஞ்சு போச்சு"ம்பாங்க. சரி, புத்தகத் தமிழ்ல தசைநார்னு சொல்லலாமேன்னா அதுலயும் சிக்கல், எலும்பையும் எலும்பையும் சேக்கற லிகமென்டுக்கும் அதே பேரு, தசையையும் எலும்பையும் சேக்கற டெண்டனுக்கும் அதே பேரு. இது என்னடா வார்த்தை விளையாட்டுன்னு நினைக்காதீங்க, எங்க மாமாவுக்கு இந்த ஒரு வார்த்தையால 9 நாள் வீணா போச்சு. ஏன்னா லிகமென்ட் ஜவ்வுக்கு ரெஸ்ட் எடுத்துப் பாக்கலாம், நேரம் இருக்கு. டெண்டன் முழுசா அறுந்துச்சுன்னா நேரம் கிடையாது. இனிமே நார்னு நான் சொல்றது டெண்டனைத்தான்.

மாமாவுக்கு அப்ப 57 வயசு, 12 வருஷமா சுகர். மழை வருதேன்னு மாடியில காயப்போட்ட துணியை அள்ளிக்கிட்டு இறங்கியிருக்காரு, துணி கண்ணை மறைக்குது, இன்னும் ரெண்டு படி இருக்கு, ஒண்ணுதான்னு நினைச்சுக் காலை வச்சுட்டாரு. கீழ விழக்கூட இல்லை, விழுந்துடக் கூடாதுன்னு காலை ஊணி உடம்பை இழுத்துப் புடிச்சாரு, அந்த இழுப்புலதான் 'பட்'னு ஒரு சத்தம். பக்கத்துல ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனோம், எக்ஸ்ரே எடுத்தாங்க, "எலும்பு உடையல, ஜவ்வு லேசா பிசகியிருக்கு, ரெண்டு வாரம் ரெஸ்ட்"னு சொல்லி கிரேப் பேண்டேஜ் சுத்தி வலி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. ஒம்பதாவது நாள் எங்க தெருவுல இருக்கற பிசியோ பொண்ணு சும்மா பாக்க வந்தவ, "அங்கிள், படுத்த மேனிக்கே முட்டியை மடக்காம காலை நேரா தூக்குங்க பாப்போம்"னா. தூக்க முடியல. வலிக்குதுன்னு இல்லை, காலுக்கு உத்தரவே போய்ச் சேரல, குதிகால் பாய்லயே கிடக்குது. முட்டிச் சில்லுக்கு மேல அவ விரலை வச்சா, விரல் உள்ள போகுது, பள்ளம்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு கட்டத்துலயும் ரெண்டு மூணு வழி சொன்னாங்க, எதை எடுக்கறதுன்னு நாங்கதான் மண்டையை உடைச்சுக்கிட்டோம். அப்ப படிச்சது, கேட்டது, கடைசியா எடுத்த முடிவு எல்லாத்தையும் எழுதிடறேன். நான் டாக்டர் இல்லை, இதை வச்சு உங்க டாக்டர்கிட்ட கேள்வி கேளுங்க, அவ்ளோதான்.

முதல்ல எந்த நார்னு தெரிஞ்சாகணும், ஏன்னா அதை வச்சுத்தான் மிச்சம் எல்லாம். முட்டியை ஒரு கிணத்து ராட்டினம் மாதிரி நினைச்சுக்கோங்க. தொடையோட முன்பக்கத் தசை இழுக்கற ஆளு, சில்லு ராட்டினம், கயிறுதான் டெண்டன். சில்லுக்கு மேல இருக்கறது குவாட்ரிசெப்ஸ் டெண்டன், கீழ இருந்து கால் எலும்புல போய் ஒட்டறது படெல்லர் டெண்டன். இதுல எது அறுந்தாலும் காலை நீட்ட முடியாது. மேல்கயிறு பெரும்பாலும் 40 தாண்டினவங்களுக்கு அறும், கீழ்க்கயிறு 40க்குக் கீழ இருக்கறவங்களுக்கு, அதுவும் குதிச்சு ஓடி விளையாடறவங்களுக்கு. ரெண்டுமே அபூர்வம்தான், எடின்பரோவுல எடுத்து 2008ல வந்த ஒரு கணக்குல வருஷத்துக்கு 1 லட்சம் பேர்ல மேல்கயிறு 1.37 பேருக்கு, கீழ்க்கயிறு 0.68 பேருக்குன்னு இருக்கு. அதனால கேஷுவாலிட்டியில இருக்கற சின்ன டாக்டர் இதை ஒரு தடவை கூடப் பாத்திருக்காம இருக்கலாம், அவங்களைத் திட்டியும் புண்ணியமில்லை.

நல்லா இருக்கற டெண்டன் சும்மா அறாது. உள்ளுக்குள்ள ஏற்கெனவே நைஞ்சிருக்கும். சுகர், கிட்னி கோளாறு, அதுலயும் வருஷக்கணக்கா டயாலிசிஸ் பண்றவங்க, கவுட், முடக்குவாதம், லூபஸ், ஸ்டீராய்டு மாத்திரை, இதெல்லாம் நாரை நைய வைக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாடிக்குக்கு அமெரிக்க மருந்துத் துறை 2008ல மருந்தோட வர்ற குறிப்புலயே கறுப்புக் கட்டம் போட்டு டெண்டன் அறும்னு எச்சரிக்கை குடுக்கச் சொல்லிச்சு, அது அதிகமா அறுக்கறது குதிகால் நாரைத்தான், ஆனா முட்டியும் விதிவிலக்கு இல்லை, 60 வயசு தாண்டி ஸ்டீராய்டும் சேந்தா ஆபத்து கூடும். ஒரே நேரத்துல ரெண்டு முட்டியிலயும் அறுந்தா கண்டிப்பா உடம்புக்குள்ள வேற ஏதோ இருக்குன்னு தேடணும். அப்படி ஆனவங்களை முதுகுத்தண்டு பிரச்சினைன்னு நினைச்சு நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பின கதையெல்லாம் இருக்கு, ரெண்டு காலும் தூக்க முடியலன்னா யாருக்கும் அப்படித்தானே தோணும்.

முன்பக்கக் கயிறு ரெண்டைத் தவிர பக்கத்துல பின்னாடி இருக்கற நாருங்களும் உண்டு, அது இன்னும் அபூர்வம், முடிவும் வேற மாதிரி. பின்தொடைத் தசையோட வெளிப்பக்க நார், பைசெப்ஸ் ஃபெமோரிஸ், முட்டிக்கு வெளிப்பக்கம் இருக்கற சின்ன எலும்போட தலையில ஒட்டியிருக்கும். அது பிச்சுக்கிட்டு வந்தா பக்கத்துலயே ஓடற நரம்பும் அடிபட்டிருக்கலாம், அதனால பாதத்தை மேல தூக்க முடியுதான்னு அன்னிக்கே பாத்துடணும், வெளிப்பக்க லிகமென்டும் சேந்து போயிருக்கான்னு பாக்கணும், முழுசா பிஞ்சிருந்தா பெரும்பாலும் திருப்பி ஒட்ட வைக்கத்தான் சொல்வாங்க. பாப்ளிட்டியஸ்னு முட்டிக்குப் பின்னாடி குறுக்கால போற ஒரு நார் இருக்கு, அது மட்டும் தனியா கிழிஞ்சு முட்டி ஆடாம இருந்துச்சுன்னா பிரேஸும் (முட்டியைத் தாங்கிப் பிடிக்கற பட்டை) பிசியோவும் போதும்னு விட்டுடறாங்க, ஆனா அதைக் கண்டுபிடிக்க எம்ஆர்ஐ இல்லாம ஆகாது. உள்பக்கம் செமிடெண்டினோசஸ், வேகமா ஓடறவங்களுக்கு அறும். இதுல ஒரு வேடிக்கை, முட்டிக்குள்ள குறுக்கால போற ஏசிஎல்ங்கற லிகமென்ட் கிழிஞ்சா பண்ற ஆபரேஷன்ல டாக்டருங்களே வேணும்னு வெட்டி எடுத்துப் புது லிகமென்ட் செய்யறது இந்த நாரைத்தான், அது இல்லாமலே ஜனங்க நடக்கறாங்க ஓடறாங்க, அதனால சாதாரண ஆளுக்கு இது அறுந்தா ஆபரேஷனுக்கு அவசரமே இல்லை.

இப்ப கண்டுபிடிக்கற வழிங்க. கைச்சோதனை, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ.

என்னைக் கேட்டா கைச்சோதனைதான் முதல் மார்க். அந்தப் பிசியோ பொண்ணு செஞ்சதுதான், காலை நீட்டி வச்சுத் தூக்கச் சொல்றது, சில்லுக்கு மேலயும் கீழயும் பள்ளம் இருக்கான்னு விரலால தடவறது, அரை நிமிஷம், காசு கிடையாது. இதுல ரெண்டு ஓட்டை உண்டு, அதைச் சொல்லலன்னா பொய். ஒண்ணு, அடிபட்ட அன்னிக்கு ரத்தம் கட்டி வீங்கி அந்தப் பள்ளத்தை நிரப்பிடும், விரலுக்குத் தெரியாது. ரெண்டு, வலியில எவனாலும் காலைத் தூக்க முடியாது, அப்ப அது டெண்டனா வெறும் வலியான்னு எப்படிப் பிரிக்கறது? அதுக்குச் சில ஆர்த்தோ டாக்டருங்க முட்டியில கட்டியிருக்கற ரத்தத்தை ஊசியில உறிஞ்சிட்டு, உள்ள மரப்பு மருந்து போட்டு, மறுபடி தூக்கச் சொல்வாங்க. வலி போயும் தூக்க முடியலன்னா சந்தேகமில்லை. தூக்கறாரு ஆனா கடைசி 10, 20 டிகிரி தொங்குதுன்னா அதையும் சும்மா விடக்கூடாது, சில்லுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற மெல்லிசான தசைப்படலம் மட்டும் தாங்கிக்கிட்டு இருக்கலாம்.

எக்ஸ்ரேல டெண்டன் தெரியாது, ஆனா சில்லு எங்க உக்காந்திருக்குன்னு தெரியும். மேல்கயிறு அறுந்தா சில்லு கீழ இறங்கும், கீழ்க்கயிறு அறுந்தா தொடைத்தசை இழுத்துச் சில்லு மேல ஏறிக்கும். 1971ல இன்சால், சால்வாட்டின்னு ரெண்டு பேரு இதுக்கு ஒரு அளவே போட்டுக் குடுத்தாங்க, பக்கவாட்டு எக்ஸ்ரேல கீழ்க்கயிறோட நீளத்தைச் சில்லோட நீளத்தால வகுக்கணும், 0.8லேர்ந்து 1.2க்குள்ள இருந்தா சாதாரணம், கூடினா சில்லு மேல, குறைஞ்சா கீழ. மாமாவோட அந்த முதல் எக்ஸ்ரேயைப் பின்னாடி பெரிய டாக்டர் லைட்ல வச்சுப் பாத்துட்டு "இதுலயே தெரியுதே"ன்னாரு. எலும்பு உடைஞ்சிருக்கான்னு மட்டும் பாத்தவங்க கண்ணுக்குச் சில்லு இறங்கியிருக்கறது படல. எக்ஸ்ரே நார்மல்னு யாராவது சொன்னா, எது நார்மல்னு கேளுங்க.

அல்ட்ராசவுண்டா எம்ஆர்ஐயாங்கறதுதான் வீட்ல பெரிய சண்டை. எங்க ஊர்ல நாங்க குடுத்தது அல்ட்ராசவுண்டுக்கு 1,200, எம்ஆர்ஐக்கு 6,500. அல்ட்ராசவுண்ட் அன்னிக்கே கிடைக்கும், பாக்கறப்பவே காலை அசைக்கச் சொல்லி நாரு நகருதான்னு நேரடியா பாக்கலாம், மேல்கயிறு தோலுக்குக் கொஞ்சம் கீழதான் இருக்கு, அதனால நல்லாவே தெரியும். ஆனா எல்லாம் பாக்கறவர் கையிலதான் இருக்கு, வயித்து ஸ்கேன் பாத்துப் பழகினவர்கிட்ட முட்டியைக் காட்டினா என்ன எழுதுவாரோ, அதோட ரொம்பக் குண்டா இருக்கறவங்களுக்கும் தசை திரண்ட தொடைக்கும் தப்பா காட்டலாம். எம்ஆர்ஐல பாதி கிழிசலா முழுசான்னு அளந்தே சொல்லலாம், கூட ஏசிஎல், மெனிஸ்கஸும் போயிருக்கான்னு தெரியும். ஆகக்கூடி, பள்ளம் இருக்கு, தூக்க முடியல, எக்ஸ்ரேல சில்லு இறங்கியிருக்குன்னா எம்ஆர்ஐ டேட்டுக்காக ஒரு வாரம் காத்திருக்கறது முட்டாள்தனம். பாதி கிழிசலோன்னு சந்தேகம், இல்லை பக்கத்து நாரு பின்னாடி நாருன்னா, எம்ஆர்ஐ எடுத்தே ஆகணும். நாங்க ரெண்டும் எடுத்தோம், ரெண்டாவது தேவைப்படலன்னு இப்ப தோணுது.

அடுத்தது கட்டா, ஆபரேஷனா. மாமாவோட அண்ணன், "எதுக்குடா கத்தி வைக்கணும், எண்ணெய் போட்டு மூங்கில் பத்தை வச்சு இறுக்கிக் கட்டினா தானா கூடிடும், எத்தனை பேரு கை காலு உடைஞ்சு போய்க் கட்டிக்கிட்டு வந்து நடக்கறான்"னு ஒரே பிடிவாதம். அவர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. உடைஞ்ச எலும்போட ரெண்டு முனையும் ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டு அசையாம இருந்தா உடம்பே ஒட்ட வச்சுடும், அதுதான் கட்டு வேலை செய்யற ரகசியம். ஆனா அறுந்த நாரு அப்படி இல்லை, மேல இருக்கற தசை எந்நேரமும் இழுத்துக்கிட்டே இருக்கு, முனை சில்லுலேர்ந்து மேல மேல போய்டும், சில பேருக்கு 5 சென்டிமீட்டர் வரைக்கும். வெளியில எவ்ளோ இறுக்கிக் கட்டினாலும் உள்ள அது கீழ இறங்கி வராது. அதனால முழுசா அறுந்ததுக்கு நாட்டுக் கட்டும் உதவாது, ஆஸ்பத்திரி மாவுக்கட்டும் உதவாது. அண்ணன்கிட்ட இதை எக்ஸ்ரேவைக் காட்டிச் சொன்னப்புறம்தான் அடங்கினாரு.

பாதி கிழிசல்னா கதையே வேற. காலைத் தானா நேரா தூக்கி நிறுத்த முடியுதுன்னா, முட்டியை மடக்காம பிரேஸோ மாவுக்கட்டோ போட்டுச் சுமார் 6 வாரம் விட்டு, அப்புறம் மெல்ல மெல்ல மடக்கப் பழக்கறது நல்ல வழி, ஆபரேஷன் வேணாம். இதுலயும் வாதம் உண்டு. 1997 மார்ச் 14ம் தேதி அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் ஃப்ளோரிடாவுல கோல்ஃப் வீரர் கிரெக் நார்மன் வீட்டுப் படியில இதே மாதிரி தடுக்கினாரு, வலது முட்டியோட மேல்கயிறு, அதுவும் பாதிதான் கிழிஞ்சிருந்துச்சு, ஆனாலும் அன்னிக்கே தச்சுட்டாங்க. முழு மயக்கம் குடுக்காம கீழ்ப்பக்கம் மட்டும் மரத்துப் போக வச்சாங்க, நாட்டோட அதிகாரத்தைத் துணை அதிபர்கிட்ட ஒப்படைக்க வேண்டாம்ல. ஒரே வாரத்துல சக்கர நாற்காலியில ஹெல்சிங்கி போய் ரஷ்ய அதிபர் யெல்ட்சினைப் பாத்தாரு. பாதி கிழிசலுக்கே ஆபரேஷனான்னா, எவ்ளோ கிழிஞ்சிருக்கு, ஆளு என்ன வேலை பாக்கணும், எவ்ளோ சீக்கிரம் எழுந்து நடக்கணும்ங்கறதையும் சேத்துத்தான் முடிவு எடுக்கறாங்கன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன்.

கீழ்க்கயிறுல கிழிஞ்சதைத் தச்சாலும் மறுபடி முழுசா அறலாம்ங்கறதுக்கு பிரேசில் ஃபுட்பால் வீரர் ரொனால்டோவைப் பாருங்க. 1999 நவம்பர்ல இன்டர் மிலானுக்கு ஆடறப்ப வலது முட்டியோட படெல்லர் டெண்டன் கிழிஞ்சு ஆபரேஷன் ஆச்சு, 2000 ஏப்ரல் 12ம் தேதி திரும்பி வந்தாரு, மைதானத்துக்குள்ள இறங்கி 10 நிமிஷம் கூட ஆகல, அதே நாரு முழுசா அறுந்துச்சு. ஆனா அவரே 2002 உலகக் கோப்பையில 8 கோல் போட்டாரு, ஃபைனல்ல ரெண்டு. மாமா படுத்துக்கிடந்தப்ப இதைச் சொன்னேன், "எனக்கு கோல் போடல்லாம் வேணாம்டா, பாத்ரூம் போனா போதும்"னாரு.

ரத்தத்துலேர்ந்து எடுக்கற பிஆர்பி ஊசி போட்டுப் பாக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னாரு. நாள்பட்ட டெண்டன் வலிக்கே அது உதவுதா இல்லையான்னு முடிவு ரெண்டு பக்கமும் இருக்கு, அறுந்து தனியா போன ரெண்டு முனையை எந்த ஊசியும் இழுத்துச் சேக்காது. ஸ்டீராய்டு ஊசியை நாருக்குள்ள போடறது அதைவிட மோசம், நைய வைக்கறதே அதுதான்.

எப்ப ஆபரேஷன்ங்கறதுலதான் நான் ரொம்பப் பிடிவாதமா இருப்பேன். ரெண்டு மூணு வாரத்துக்குள்ள பண்ணா முனையைக் கீழ இழுத்து நேரடியா சில்லுல தச்சுடலாம். அதுக்கு மேல போச்சுன்னா தசை சுருங்கி அக்கம்பக்கத்துல ஒட்டிக்கும், முனை எட்டாது. அப்ப மேல இருக்கற நாருலேயே முக்கோணமா ஒரு பட்டை வெட்டிக் கீழ மடிச்சுத் தைக்கறது, அது ஸ்குதேரி முறை, இல்லன்னா நாரை 'வி' மாதிரி வெட்டி நீளமாக்கறது, அது கோடிவில்லா முறை, அதுவும் பத்தலன்னா மேல சொன்னேனே செமிடெண்டினோசஸ், அதை உருவி எடுத்து முட்டுக் குடுக்கறது. எல்லாம் செய்ய முடியும், ஆனா காயம் பெருசு, பலன் குறைவு. மாமாவுக்கு 13வது நாள் பண்ணாங்க. அந்த 9 நாள் 19 ஆயிருந்தா நாங்களும் ஸ்குதேரி பத்திப் பேசிக்கிட்டு இருந்திருப்போம்.

தைக்கற விதத்துல ரெண்டு. சில்லுல மேலேர்ந்து கீழ வரைக்கும் மெல்லிசா மூணு துளை போட்டு, நாருல சங்கிலி மாதிரி கோத்த கெட்டி நூலை அதுவழியா இழுத்துச் சில்லுக்குக் கீழ முடிச்சுப் போடறது பழைய முறை. இன்னொண்ணு, நூலோட வர்ற, சின்ன ஆணி மாதிரி இருக்கற ஆங்கரைச் சில்லோட மேல்விளிம்புல பதிச்சு அங்கேயே தைக்கறது. ஆங்கர்ல வெட்டு சின்னது, நேரம் குறையும், லேப்ல இழுத்துப் பாத்த சோதனைங்கள்ல தையல் விலகறதும் கம்மின்னு வந்திருக்கு. ஆனா ஆள் எழுந்து நடக்கறதுல, முட்டி மடங்கறதுல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, ஆங்கருக்கு மட்டும் தனி பில் வரும். டாக்டர்கிட்ட நேரா கேட்டேன், "சார், உங்க கைக்கு எது பழக்கம்?" "துளைதான், வருஷக்கணக்கா பண்றேன்"னாரு. அதையே பண்ணச் சொன்னோம். காசு விஷயத்துல ஒண்ணு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கறவங்க உங்க ஆஸ்பத்திரியில இந்த ஆபரேஷன் அதுல வருமான்னு அட்மிஷன் போடறதுக்கு முன்னாடியே கவுன்டர்ல கேட்டுடுங்க, டிஸ்சார்ஜ் அன்னிக்குக் கேட்டா ஒண்ணும் நடக்காது.

ஆபரேஷனுக்கு அப்புறம் 6 வாரம் அசையாம வைக்கறதா, ரெண்டு வாரத்துலயே கொஞ்சம் மடக்க ஆரம்பிக்கறதா? முன்னாடி எல்லாம் அசையாம வைப்பாங்க, இப்ப நிறைய பேரு சீக்கிரம் மடக்க விடறாங்க. எங்க டாக்டர் சொன்ன விளக்கம் பிடிச்சிருந்துச்சு, தச்சு முடிச்ச உடனே டேபிள்லயே முட்டியை மெல்ல மடக்கிப் பாப்பாராம், எந்த டிகிரி வரைக்கும் தையல் விலகாம தாங்குதோ அதுதான் முதல் சில வாரத்துக்கு எல்லை. மாமாவுக்கு நீட்டின மேனிக்கு லாக் பண்ண பிரேஸ் போட்டு ரெண்டாம் நாளே ஊணி நடக்க விட்டாங்க, ரெண்டு வாரம் கழிச்சு 30 டிகிரி, 6 வாரத்துல 90. சுகர் ஆளுன்னா சீக்கிரம் மடக்கறதுக்கு முன்னாடி தோல் காயம் ஆறியிருக்கணும், சில்லு மேல தோல் மெல்லிசு, அங்க பிரிஞ்சா பெரிய தலைவலி, அதனால சுகரைக் கட்டுக்குள்ள வைக்கறதும் பிசியோவும் சரிசமம். கெண்டைக்கால் திடீர்னு வீங்கி வலிச்சா, மூச்சு வாங்கினா, பிசியோ வலின்னு நினைக்காதீங்க, ரத்தக்கட்டியா இருக்கலாம், அன்னிக்கே ஓடுங்க.

14 மாசம் ஆச்சு. ஸ்கூட்டர் நாலாவது மாசமே எடுத்துட்டாரு. அந்தத் தொடை இன்னும் மத்ததைவிட மெலிசுதான், தினம் பிசியோ பயிற்சி பண்ணியும் முழுசா ஏறல, ஏறாமலே போகலாம்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. படி ஏறறது பிரச்சினை இல்லை, இறங்கறப்ப மட்டும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா. குத்த வச்சு உக்கார முடியல, வீட்ல வெஸ்டர்ன் டாய்லெட் வச்சாச்சு. துணிக்கொடியை அத்தை மாடியிலேர்ந்து அவிழ்த்துக் கீழ கொல்லையில கட்டிட்டாங்க.